குழந்தை மருத்துவருக்குப் பிள்ளையார்பாளையம் என்ன கற்றுத்தரும்?

காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை. கரை சேரும் இடத்தில் இழையோடு இழையைக் கோத்து நெய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும் இந்த வேலை ஒற்றை ஆளால் ஆகாது. நெசவாளர் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால், பக்கத்தில் இன்னொருவர் இருந்து மறுகரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். நெடுங்காலம் அந்த இரண்டாம் ஆளின் இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். சிலர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறிக்கு அனுப்பப்பட்டவர்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அப்படிப்பட்ட ஒரு குழந்தை அன்று மருத்துவரிடம் போயிருந்தால் சீட்டில் என்ன எழுதியிருப்பார்? ரத்தசோகை, முதுகு வலி, வயதுக்கேற்ற எடை இல்லை. கூடவே ஒரு இரும்புச்சத்து டானிக். சீட்டில் பிழை ஏதும் இல்லை. ஆனால் மறுநாள் விடிவதற்குள் அந்தக் குழந்தை மறுபடி தறிக்குப் போயிருக்கும். அதைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளியில் உட்கார வைத்தது டானிக் அல்ல. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், மாவட்ட நிர்வாகம், தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்கள், பிள்ளையின் கூலியை இழக்கத் துணிந்த தாய்மார்கள் என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை அது. இந்த ஊரில் நடந்த மிகப் பெரிய குழந்தை மருத்துவம் அதுதான் என்பேன். மருத்துவமனை வார்டுக்குள் மட்டும் கற்பிக்கப்படும் குழந்தை மருத்துவத்தில் அதற்கு இடமே கிடையாது. குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் ஒருவருக்கு ஊரும் ஆசிரியராக இருக்க வேண்டும். ஊரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கம், நரம்பில் ஊசி ஏற்றும் பழக்கத்தைப் போலவே, தேர்வு வைத்துக் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்று. இந்தக் கட்டுரையின் வாதம் இதுவே.

தமிழ்நாட்டில் மருத்துவமனை செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி செய்யப்பட்டுவிட்டது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை நாடு முழுக்க 28, தமிழ்நாட்டில் 13. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ளவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7 சதவீதமாக இருந்தது. மருத்துவமனைகள் பெருகிய காலத்தில், மருத்துவர்களின் எண்ணிக்கை கூடிய காலத்தில், ரத்தசோகையும் கூடியிருக்கிறது. உயிரைக் காப்பாற்றும் வேலையில் முன்னால் நிற்கும் மாநிலம், காப்பாற்றிய உயிரை வளர்த்தெடுக்கும் வேலையில் தடுமாறுகிறது. முதல் வேலை கட்டிலருகே நடப்பது. இரண்டாவது அடுப்படியிலும் ரேஷன் கடையிலும் பால்வாடியிலும் தறிவீட்டிலும் நடப்பது.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதியில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தறிக்குப் பாவு வருவது முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. கூலி சேலைக் கணக்கில். ஒரு பாவு அறுந்து அடுத்தது ஏறும் வரை கையில் வேலை இல்லை, காசும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்று பொங்கித் தறிக்குழியில் தண்ணீர் நின்றால் தறியும் நின்றுவிடும். வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதும், சமைப்பதும், கைக்குழந்தையைப் பார்ப்பதும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். இப்படிப்பட்ட வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை என்றால் காரணத்தை ரத்தப் பரிசோதனை மட்டும் சொல்லிவிடாது. மருத்துவ மாணவர்கள் குடும்ப நிலையை அறிய குப்புசாமி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பி. குப்புசாமி 1976-இல் வகுத்த அந்த அளவுகோல் குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்பத்தின் மாத வருமானம் ஆகியவற்றைக் கேட்கும். நெசவாளருக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லை. பாவு வருமானம்தான் உண்டு. அந்தக் கட்டத்தில் மாணவர் ஒரு தொகையை எழுதி நிரப்பிவிடலாம், தேர்வில் மதிப்பெண்ணும் வரும். “இப்ப தறியில பாவு இருக்காம்மா? மழைக்குத் தறி நின்னு எத்தனை நாளாச்சு?” என்று கேட்கத் தெரிந்த மருத்துவருக்கோ அந்தக் குழந்தையின் எடை ஏன் நின்றது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். இந்தக் கேள்வி எந்தப் பாடநூலிலும் இல்லை. அதைக் கற்றுத்தரக்கூடியவர்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

இப்படிச் சொல்வது புதிதல்ல. மருத்துவக் கல்வி கிராமத்திலிருந்து விலகிப் போய்விட்டது என்று 1975-இல் ஸ்ரீவஸ்தவ் குழு எச்சரித்தது. அதைத் தொடர்ந்து 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவ வண்டிகளும் வந்தன. ஆனால் குழந்தை மருத்துவம், மகப்பேறு, பொது மருத்துவம் போன்ற பெரிய துறைகள் இதைச் சமூக மருத்துவத் துறையின் தலைவலி என்று ஒதுக்கிவிட்டன. மாணவர்கள் யாரைப் பார்த்து மருத்துவராக வளர ஆசைப்படுகிறார்களோ அந்தப் பேராசிரியர்கள் வண்டியில் ஏறவில்லை. திட்டம் தேய்ந்து மறைந்தது. வேலூரில் நடந்தது வேறு. ஐடா ஸ்கடர் சாலையோரம் நின்று நோயாளிகளைப் பார்த்த காலத்திலிருந்தே அந்தக் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஊருக்குள் போகும் பழக்கம் உண்டு. மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போகிறார்கள். 1977-இல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் அக்கல்லூரி தொடங்கிய ருஷா மையம் மருத்துவத்தோடு தொழிற்பயிற்சி, கால்நடை, மகளிர் குழு என்று ஊரின் பிழைப்பையும் கையில் எடுத்தது. ஆண்டு ஒன்றே, ஒரு முயற்சி நின்றது, மற்றது நிலைத்தது. கல்லூரியின் நடுவில் இருப்பவர்களே தெருவுக்கு வந்தார்களா என்பதில்தான் வேறுபாடு.

இப்போது நாடு முழுவதற்கும் இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் அனைவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிலும் மாவட்ட சுகாதார அமைப்பிலும் பணியாற்றிப் பயில வேண்டும் என்று 2020 செப்டம்பரில் அறிவிக்கை வந்தது. 2023-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையிலும் அது தொடர்கிறது. தேசிய சுகாதாரத் திட்டங்கள் மாவட்ட அளவில் எப்படித் தீட்டப்பட்டு நடத்தப்படுகின்றன என்பதை மாணவர் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. காஞ்சிபுரத்துக்கு இது மற்ற ஊர்களைவிட முக்கியம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. ஏனாத்தூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் குழந்தை மருத்துவ மாணவர்களுக்கு இங்கே தரப்படும் மூன்று மாதம் எப்படிக் கழிகிறது என்பது பெரிய கேள்வி. இரவுப் பணிக்கு ஆள் நிரப்பும் மூன்று மாதமாகவும் அது முடியலாம். ஓர் ஊரைப் படிக்கும் மூன்று மாதமாகவும் ஆகலாம்.

ஊரோடு சேர்ந்து வேலை செய்தால் குழந்தைகளின் நலம் உண்மையில் கூடுமா? இதற்கு நம் கையருகே சான்று இருக்கிறது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு, ஏறியதும் நிறுத்தம். இதை நடத்த அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரைத் தேர்ந்த முறைதான் அந்தத் திட்டத்தின் அறிவு: ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் தாய்க்கு முன்னுரிமை. குறைந்த காசில் பிள்ளையை வளர்க்கத் தெரிந்தவரே ஆசிரியர் என்று ஒரு திட்டம் ஒப்புக்கொண்டது. கடுமையான ஊட்டக்குறைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அடுத்தது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பாங், ராணி பாங் என்ற மருத்துவத் தம்பதி 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுத்தந்தார்கள். மூச்சுத் திணறலையும் சீழ்த்தொற்றையும் அந்தப் பெண்கள் வீட்டிலேயே கண்டுபிடித்தார்கள், முதலுதவி தந்தார்கள். திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. 2011-இல் அந்த முறையே நாடு தழுவிய வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டமானது. இரண்டு முயற்சிகளிலும் மருத்துவ அறிவு குறைக்கப்படவில்லை. அது யாருடைய கைக்குப் போக வேண்டும் என்பதே மாறியது.

வெளிநாட்டிலிருந்து ஒரு முன்மாதிரி சொன்னால் போதும். 1960-களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், வறுமை மிகுந்த கறுப்பின மக்களுக்காக மருத்துவ மையம் நடத்திய ஜாக் கைகர், ஊட்டக்குறைவான குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே உணவை எழுதினார். கடைக்காரர் உணவைத் தந்து மையத்தின் மருந்துக் கணக்கில் பணம் பெற்றார். மருந்துப் பணத்தில் உணவா என்று மேலிடம் கேட்டபோது, ஊட்டக்குறைவுக்குப் பாடநூல் சொல்லும் மருந்து உணவுதானே என்று பதில் சொன்னார். 2000-ஆம் ஆண்டில் அந்த நாட்டிலேயே ஆன் டைசன் பெயரிலான ஒரு முயற்சி, குழந்தை மருத்துவ மாணவர்களைப் பள்ளிகளோடும் உள்ளூர் அமைப்புகளோடும் இணைத்துப் பயிற்றுவிக்கக் கல்லூரிகளுக்கு நிதி தந்தது. கைகர் தனி மனிதராகச் செய்ததை அது பாடமாக்க முயன்றது.

இதற்கு எதிரான வாதங்கள் லேசானவை அல்ல. முதலாவது: தமிழ்நாட்டில் இன்று நிகழும் சிசு மரணங்களில் பெரும்பகுதி பிறந்த 28 நாட்களுக்குள் நிகழ்பவை. குறைமாதப் பிறப்பு, பிறவிக் குறைபாடு, தொற்று. இவற்றுக்கு வேண்டியது தீவிர சிகிச்சைப் பிரிவில் தேர்ந்த கை. தெருவில் நடந்த கால் அல்ல. உண்மை. அந்தப் பயிற்சியில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தாறு மாதப் படிப்பில் மூன்று மாதம் ஏற்கெனவே மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்டாயிற்று; அதை எப்படிச் செலவிடுவது என்பதே கேள்வி. மேலும், ஒன்றரைக் கிலோ எடையில் பிழைத்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய பின்புதான் இன்னொரு பாதி சிகிச்சை தொடங்குகிறது. நெஞ்சோடு அணைத்துச் சூடு தருவது, கண் விழித்திரைப் பரிசோதனைக்கு உரிய வாரத்தில் வருவது, காது கேட்கிறதா என்று பார்ப்பது. தறி ஓடும் ஒற்றைக் கூடத்தில், பிரசவித்த பெண் எத்தனை நாளில் மறுபடி தார் சுற்ற உட்காருகிறாள் என்பதை அறியாத மருத்துவரின் அறிவுரை அந்த வீட்டில் நிற்காது.

இரண்டாவது வாதம்: இதற்கென்றே செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் இருக்கிறார்கள், நிபுணர் எதற்கு? அவர்கள் இருப்பதால்தான் நிபுணர் அங்கே போக வேண்டும் என்கிறேன். பால்வாடி டீச்சர் சத்துமாவும் முட்டையும் கொடுங்கள் என்று சொல்லியனுப்பிய அதே வாரத்தில், தனியார் கிளினிக் சீட்டில் டப்பாவில் விற்கும் ஊட்டப்பொடி எழுதப்பட்டால் தாய் யாரை நம்புவாள்? கடன் வாங்கியாவது டப்பாவைத்தான் வாங்குவாள். டாக்டரின் ஒரு வரி, டீச்சரின் ஓராண்டு உழைப்பைக் கவிழ்த்துவிடும். வாரத்துக்கு இருமுறை தரவேண்டிய இரும்புச்சத்து சிரப் பல வீடுகளில் அலமாரியில் நின்றுவிடுவதற்கும் இதே கதைதான். மலம் கறுத்துப் போகிறது, குழந்தை துப்புகிறது என்று நர்சம்மாவிடம் சொன்ன தாய், டாக்டரிடம் ‘கொடுக்கிறேன்’ என்றே சொல்வாள். நர்சம்மாவுக்குத் தெரிந்தது டாக்டருக்கும் தெரிய வேண்டுமானால் இருவரும் ஒரே திண்ணையில் சில வாரங்களாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாதத்துக்கு நான் பாதி இடம் கொடுத்தே ஆக வேண்டும். மருத்துவர்களை ஊருக்குள் பயிற்றுவிப்பது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவர்களின் மனப்பான்மையும் திறனும் மாறினவா என்று அளந்தவை. குழந்தைகளின் எடை கூடியதா என்று அளந்தவை குறைவு. ஊரைச் சேர்த்துக்கொண்ட திட்டங்கள் பலன் தந்தன என்பதற்குச் சான்று வலுவானது. அதில் நிபுணரின் பயிற்சி எவ்வளவு பங்காற்றும் என்பதற்குச் சான்று மெலிந்தது. இதனால் பயிற்சியைக் கைவிடத் தேவையில்லை. அளவுகோலை மாற்றினால் போதும். மூன்று மாத முடிவில் மாணவர் ஒப்படைக்கும் கட்டுரையைவிட, அவர் பொறுப்பேற்ற பால்வாடியின் குழந்தைகளுக்கு ரத்தசோகை எவ்வளவு குறைந்தது என்பதை அடுத்தடுத்து வரும் மாணவர்கள் தொடர்ந்து பதிந்து வந்தால், சில ஆண்டுகளில் காஞ்சிபுரமே அந்தச் சான்றைத் தரும்.

நான்காவது ஐயம் ஊரின் பக்கத்திலிருந்து வருவது. அதுவே எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிறது. படிப்பவர்கள் வருவார்கள், கேட்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள். எங்களுக்கு என்ன? காஞ்சிபுரமும் உள்ளடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் புகழ்பெற்ற சோதனை தொடங்கியது. லட்சக்கணக்கானோர் கையை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று உலகம் அறிந்துகொண்டது. உலகுக்குப் பெரிய உதவி. கை நீட்டிய ஊர்களுக்கு அந்த அறிவில் என்ன பங்கு என்பது இன்றும் கேட்கத் தகுந்த கேள்வி. நெசவாளரை ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் அந்த நேரத்துக்கு நாடா ஓடாது. நாடா ஓடாத நேரத்துக்குக் கூலி இல்லை. மருத்துவ மாணவருக்கு உதவித்தொகை தரும் அரசு, அவருக்குத் தெருவைக் கற்றுத்தரும் பெண்ணுக்கும் மதிப்பூதியம் தர வேண்டும். எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் ஊருக்கு வேண்டும். மருத்துவர் ரத்தசோகையைப் பேச வந்திருப்பார். தெரு சாக்கடையைப் பேசச் சொல்லும். அப்போது சாக்கடையைப் பேசத்தான் வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இதற்குத் தோதான அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர் குடும்பங்களை அறிந்தவை. எந்தத் தறிக்குப் பாவு போகவில்லை என்ற கணக்கு அவற்றிடம் உண்டு. அதுவே எந்த வீட்டில் அடுத்த மாதம் குழந்தையின் தட்டு குறையும் என்பதற்கான முன்னறிவிப்பு. கோயில்களின் அன்னதானக் கூடங்களில் யார் தினமும் கைக்குழந்தையோடு வருகிறார்கள் என்பது பரிமாறுபவருக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளில் சிலர் எந்தப் பால்வாடிப் பதிவேட்டிலும் இல்லாமல் போகலாம். ஊருக்கு வெளியே செங்கல் சூளைகளில் வேலை செய்யும் இருளர் குடும்பங்களும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களும் இன்னும் தொலைவில் இருக்கிறார்கள். இவர்களை எட்டும் வழியைப் பட்டியலாக எழுதி மாணவர் கையில் கொடுக்க முடியாது. சங்கச் செயலரோடும், நகர சுகாதாரச் செவிலியரோடும், தலைமையாசிரியரோடும் உட்கார்ந்து அவரே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒருவரால் எல்லாம் முடியாது என்பதால் வேலை ஒரு மாணவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாற வேண்டும். பொறுப்பு தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிடமே இருக்க வேண்டும். 1977-இல் செய்த பிழையை மறுபடி செய்யக் கூடாது.

இரண்டு மாற்றங்களுக்கு அரசாணையோ பெருநிதியோ தேவையில்லை. மாணவரின் பணிப்பதிவேட்டில் பேராசிரியரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பகுதிச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் தங்கள் மதிப்பீட்டை எழுதட்டும். இன்னொன்று காலத்தைப் பற்றியது. மாவட்டப் பணிக்கான மூன்று மாதத்தைக் கல்லூரிகள் தங்கள் வசதிப்படி ஒதுக்குகின்றன. காஞ்சிபுரத்துக்கு வரும் குழந்தை மருத்துவ மாணவர்களில் ஒரு பகுதியினரையாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை அனுப்ப வேண்டும். குழித்தறியில் தண்ணீர் ஏறி வேலை நிற்பதும், டெங்குவும் வயிற்றுப்போக்கும் கூடுவதும், வீட்டில் காசு வற்றுவதும் அந்த மாதங்களில்தான்.